தூசு புகாத சமையலறை

பென்னலூரில் டெனிசன் வீட்டுச் சமையலறையைப் போலப் பாதுகாப்பான சமையலறை இன்னொன்று கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. டெனிசனே சொல்வான். அவன் ஷிஃப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தச் சமையலறையின் சுவர்கள் சொல்லும். 'பாதுகாப்பு நம் கையில்' என்று ஒரு சுவர், 'கவனம் சிதறாதே' என்று ஒரு சுவர், தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று படம் போட்டு விளக்க ஒரு சுவர். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, அடுப்புக்கு எதிரே இரண்டு பாதங்களை வரைந்திருந்தான். அவன் மனைவி பெனிட்டா அந்தப் பாதங்களின் மேல் நின்றுதான் சமைக்க வேண்டும். தோசைக்கல் ஒரு பக்கம், மிக்ஸி ஒரு பக்கம் என்று இழுபடுகிற வேலையில் பாவம், அவளுக்கு எப்படியும் ஒரு கால் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

கரண்டிகள் மாட்டும் பலகையில் ஒவ்வொரு கரண்டியின் உருவத்தையும் கறுப்பு மையில் வரைந்து வைத்திருந்தான். ஜல்லிக்கரண்டியின் இடத்தில் குழம்புக்கரண்டி தொங்கினால், நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய எரிய வந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

"இன்னா பெனி இது? ஆடிட்டர் வந்து பார்த்தா இன்னா சொல்வான்?"

"சமையல்கட்டுக்கு எந்த ஆடிட்டருங்க வர்றான்?"

"வந்தா?"

பெனிட்டா கரண்டியை இடம் மாற்றி மாட்டுவாள்.

இத்தனையும் இருந்த அந்தச் சமையலறையில் இல்லாத ஒரே பொருள் காற்று.

அது எப்படிப் போனது என்று தெரிய, டெனிசனின் உத்தியோகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்குப் பேய் பயம், பாம்பு பயமெல்லாம் விட்டுப் போய்விடும். தூசு பயம் ஒன்றுதான் மிஞ்சும். ஈரப் பெயிண்டின் மேல் ஒரு துகள் வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பம்பர் ரிஜெக்ட். அதனால் அங்கே ஜன்னலே கிடையாது. பெயிண்ட் அடிக்கும் கண்ணாடி அறைக்குப் 'பூத்' என்று பெயர். அதில் எங்காவது ஒரு இடுக்கு தெரிந்தால் உடனே சிலிக்கான் பசையைப் பீச்சி அடைத்துவிடுவார்கள். அந்தப் பூத்தைப் பார்த்துப் பார்த்து, அடைத்து வைத்த இடம்தான் சுத்தமான இடம் என்று டெனிசனுக்கு மனதில் பதிந்துவிட்டது.

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் சமையலறை ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். நெடுஞ்சாலையில் நாளெல்லாம் போகிற கன்டெய்னர் லாரிகளின் தூசு விரலில் கறுப்பாக ஒட்டியது. அவ்வளவுதான். மறுநாளே ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் துப்பாக்கி வாங்கி வந்து ஜன்னலின் நாலு விளிம்பிலும் பீச்சினான். எக்ஸாஸ்ட் ஃபேனுக்காகக் கொத்தனார் விட்டிருந்த வட்ட ஓட்டையில் தெர்மாகோலை வெட்டிச் செருகி அதன் மேலும் பீச்சினான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கண்ணாடித் தள்ளுகதவு போட்டான். அடுப்புக்கு மேலே சிம்னி ஒன்றும் மாட்டினான். புகையை உறிஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டி, அதே அறைக்குள் திரும்பவும் ஊதிவிடுகிற ரகம் அது. வெளியே குழாய் விடுகிற ரகம் வாங்கினால் சுவரில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் தூசு வரும் என்பது அவன் கணக்கு.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த பாஸ்டர் ஒவ்வொரு அறையாக ஜெபித்துக்கொண்டே வந்து, சமையலறையில் மட்டும் நாலு வரியில் ஆமென் சொல்லிவிட்டு வேர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அவர் சுருக்கமாக ஜெபித்ததைப் பென்னலூர் சபையார் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பெனிட்டாவுக்கு அந்த அறையில் தினமும் மூன்று வேளை ஜெபம் நடந்தது. மிளகாய் தாளித்தால் கண்ணாடிக் கதவுக்குள் அந்த நெடி சாயங்காலம் வரை குடியிருக்கும். சாதம் வடிப்பதற்குள் நெற்றிப்பொட்டில் வலி எடுக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு, நனைந்த ஜாக்கெட்டோடு, மூச்சு வாங்க வாங்கச் சமைத்தாள்.

ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, உங்க பெயிண்ட் ஷாப்புல காத்தே வராதா? உள்ள ஆளுங்க எப்படி வேலை செய்றாங்க?"

"அங்க காத்துக்கு இன்னா பஞ்சம்? மேல பெரிய பெரிய ப்ளோயர் கீது. வடிகட்டின காத்து மேல இருந்து வந்துகினே இருக்கும், கீழ வழியா வெளிய போய்கினே இருக்கும். ஒரு நிமிஷம் அது நின்னுச்சுன்னா லைனையே நிறுத்திடுவோம்."

"இங்க?"

"இது வூடு பெனி" என்றான் டெனிசன்.

"தலை வலிக்குதுங்க."

"தண்ணி குடிக்க மாட்டேங்கற. அதான். ஏதாவது சொல்லணும்னா சஜஷன் பாக்ஸ்ல போடு, சனிக்கிழமை பாக்கறேன்."

கேலிக்குச் சொன்னதல்ல. நிஜமாகவே ஒரு சஜஷன் பெட்டியை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தான். கம்பெனியில் தொழிலாளிகள் யோசனை எழுதிப் போடுகிற பெட்டியைப் பார்த்து வந்த ஆசை. பெனிட்டா வாரா வாரம் ஒரே யோசனையைத்தான் எழுதிப் போட்டாள்: 'ஜன்னலைத் திறங்க.' டெனிசன் சனிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து, சீட்டைப் படித்து, அதன் கீழே 'பரிசீலனையில் உள்ளது' என்று பச்சை மையில் எழுதித் திரும்பக் கொடுத்தான். கோபத்தில் ஒரு வாரம் அவள் வெற்றுச் சீட்டைப் போட்டாள். அதற்கும் பரிசீலனைதான்.

இந்த நிலைமையில்தான் புது அடுப்பு வந்தது. மூன்று பர்னர், மேலே கறுப்புக் கண்ணாடி. அதைப் பொருத்த கேஸ் ஏஜென்சியில் இருந்து சக்திகுமார் என்ற மெக்கானிக் வந்தான். டெனிசன் அவனை வாசலிலேயே நிறுத்தி ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்தான். அவசர வழி எது, எல்லோரும் ஓடிப்போய் நிற்க வேண்டிய இடம் எது என்று கையை நீட்டிக் காட்டினான். சக்திகுமார் ஹெல்மெட்டோடு குனிந்து ட்யூபை மாட்டி முடித்தான். முடித்ததும் சட்டைப் பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்து, ட்யூப் மூட்டின் அருகே கொண்டு போனான்.

டெனிசன் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டான். "யோவ்! இன்னா பண்ற?"

"லீக் கீதான்னு பாக்கறேன் சார். எல்லா வூட்லயும் இப்டிதான்."

"சோப்புத் தண்ணி ஊத்திப் பாருய்யா! முட்டை விட்டா லீக்கு. நெருப்பைக் காட்டியா பாப்பாங்க?" டெனிசனுக்குக் குரல் ஏறியது, வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டான். "எல்பிஜி காத்தைவிட வெயிட்டு. லீக் ஆச்சுன்னா மேல போகாது. தண்ணி மாதிரி கீழதான் தேங்கும். தரையோட தரையா படுத்துக்கினு இருக்கும். ஒரு பொறி போதும், வூடே பறந்துடும். இதை நான் கம்பெனியில வாரத்துக்கு ஒரு தடவை சொல்லித் தர்றேன்."

சக்திகுமார் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துவிட்டு, சிலிண்டர் வைத்திருந்த இடத்தைக் கவனித்தான். அடுப்பு மேடைக்குக் கீழே, பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று, இடுக்கில்லாத கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டர் இருந்தது.

"கீழதான் தேங்கும்ன்றீங்க. இந்தப் பொட்டிக்கு அடியில ஒரு ஓட்டைகூட இல்லியே சார். அந்த ஜன்னலும் தொறக்காதா?"

"தூசு வரும்பா."

"சரி, உங்க வூடு" என்று சொல்லி, டீயைக் குடித்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு சக்திகுமார் போனான். அடுத்த வீட்டிலும் அவன் தீக்குச்சியைத்தான் கிழித்திருப்பான்.

அவன் போன பிறகு டெனிசன் தன் பங்குக்கு வேலையைத் திருத்தினான். ஆரஞ்சு நிற ட்யூப் தொளதொளவென்று வளைந்து கிடந்தது அவன் கண்ணை உறுத்தியது. கம்பெனியில் ஒயர்களைக் கட்டுவது போல அதை இறுக்கி இழுத்து, பிளாஸ்டிக் டேக்கால் அலமாரிச் சுவரோடு சேர்த்துக் கட்டினான். கோடு போட்டது போல் நேராக நின்றது. கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் வாங்கி வந்தான். அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. ஆனால் கீழே மாட்டினால் யார் கண்ணில் படும்? சிம்னிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி மாட்டினான்.

மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு போட்டி என்று கம்பெனியில் அறிவித்தார்கள். தொழிலாளிகளின் வீடுகளில் மிகப் பாதுகாப்பான வீடு எது என்று பார்ப்பார்களாம். பரிசு ஒரு கேடயம். கேடயத்துக்காக டெனிசன் அலையவில்லை. சேஃப்டி டிபார்ட்மென்ட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஜெயிக்கிறவனை அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று கேன்டீனில் பேச்சு. சேஃப்டிக்குப் போய்விட்டால் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். ராத்திரி மனிதனைப் போல வீட்டில் படுக்கலாம், ஞாயிறு ஆராதனையில் தூங்கி வழியாமல் உட்காரலாம். வருஷக்கணக்காக ஷிஃப்ட் மாறி மாறி உடம்பு கெட்டுப்போன ஒருவனுக்கு அந்த ஆசை பெரிய ஆசைதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பெனிட்டாவுக்கும் அந்த ஆசை இருந்தது. அவளுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது.

"அந்த சேஃப்டி வேலை வந்துச்சுன்னா ஜன்னலைத் திறப்பீங்களா?"

"திறக்கறேன். சத்தியமா."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, வேதத்துல கூடாதுன்னு இருக்கு. திறங்க, போதும்."

முதல் சுற்றில் போட்டோ பார்த்தே டெனிசன் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சேஃப்டி டிபார்ட்மென்ட் தலைவர் ஸ்ரீகிருஷ்ணா நேரில் வந்து வீடியோ எடுப்பார் என்று தகவல் வந்தது. வீடியோவில் ஒரு மாக் ட்ரில் இருக்க வேண்டும். அதாவது விபத்து நடந்துவிட்டது போல் நடித்து, எப்படித் தப்பிப்பது என்று காட்ட வேண்டும். டெனிசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் பெனிட்டாவுக்கு ஒத்திகை கொடுத்தான். அவள் சமையலறைக்குள் நுழைய வேண்டும், மூக்கைச் சுளிக்க வேண்டும், எட்டி அலாரத்தின் பட்டனை அமுக்கிச் சத்தம் எழுப்ப வேண்டும், அலமாரியைத் திறந்து சிலிண்டரை மூட வேண்டும், நிதானமாக வெளியே வர வேண்டும்.

"கொஞ்சம் இருமு பெனி. இருமினாதான் நம்புவாங்க."

"அதுக்கு ஒத்திகை வேணாங்க. அது தினமும் நடக்குது" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் டெனிசன் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தான். காப்பியைப் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றியாகிவிட்டது, பலகாரம் பேக்கரியில் இருந்து வந்துவிட்டது. அடுப்புக்கு இனி வேலை இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தபோது சிலிண்டரில் எழுதியிருந்த எழுத்துகள் ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தன. கம்பெனியில் எந்த டப்பாவாக இருந்தாலும் லேபிள் முன்பக்கம் பார்த்துதான் நிற்க வேண்டும். சிலிண்டரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, எழுத்து நேராகத் தெரியும் வரை திருப்பினான். இழுத்துக் கட்டியிருந்த ட்யூப் முறுக்கிக்கொண்டு ஒரு முனகல் முனகியது. அவன் காதில் அது விழவில்லை. சிலிண்டரை மூடவும் இல்லை. மூடுகிற காட்சி வீடியோவில் வர வேண்டுமென்றால் முதலில் திறந்திருக்க வேண்டும் அல்லவா? அலமாரிக் கதவைச் சாத்தினான், கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான், வாசலுக்குப் போய்க் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

ஸ்ரீகிருஷ்ணா ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் கம்பெனி டைரி. வார்த்தைக்கு வார்த்தை 'எக்ஸலென்ட்' சொல்கிற மனிதர். கூட ஹெச்.ஆரில் இருந்து ஸௌம்யா என்ற பெண், வீடியோ எடுக்கப் போனோடு வந்திருந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து கேக்கும் காப்பியும் சாப்பிட்டு, போஸ்டர்களையும் கரண்டிப் பலகையையும் கண்ணாடிக்கு வெளியே இருந்தே ரசித்தார்கள்.

"ஒரு தூசு இல்லையே டெனிசன்! எக்ஸலென்ட். மிசஸ் கொடுத்து வெச்சவங்க."

பெனிட்டா சிரித்து வைத்தாள்.

சமையலறை லைட்டைக் காலையிலேயே போட்டிருந்தார்கள். ஸௌம்யா கண்ணாடிக்கு நேராகப் போனைப் பிடித்தாள். டெனிசன் கையைத் தட்டி "ஆக்‌ஷன்" என்றான். பெனிட்டா கதவைத் தள்ளி உள்ளே போய், பழக்கப்படி பின்னால் மூடிக்கொண்டாள்.

இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தாள். ஒத்திகையில் சுளித்ததைவிட நன்றாகவே சுளித்தாள். அடுத்து அலாரத்துக்கு எட்ட வேண்டியவள் எட்டவில்லை. குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். யாரோ முகத்தில் அறைந்ததுபோல் பின்னால் சாய்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டு சிலிண்டரை மூடினாள். இருமினாள். குமட்டினாள். எழுந்தவள் வாசல் பக்கம் வராமல் நேரே ஜன்னலுக்கு ஓடி இரண்டு கையாலும் தள்ளினாள். சிலிக்கான் பசை உயர்ந்த ரகம், அசையவில்லை. திரும்பவும் தள்ளினாள். பிறகுதான் தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்து விழுந்தாள்.

ஜன்னல் ஒத்திகையில் இல்லை. அது டெனிசனுக்குத் தெரியும்.

மற்ற இருவரும் கை தட்டினார்கள்.

பெனிட்டா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு நடுவே காதில் சொன்னாள்: "என்னங்க, நிஜமாவே லீக்கு. அலமாரி பூரா கேஸு."

அவளோடு சேர்ந்து கொஞ்சம் நாற்றமும் கூடத்துக்கு வந்திருந்தது. டெனிசன் செய்த முதல் காரியம், விருந்தாளிகளின் மூக்குக்குப் போகும் முன் கண்ணாடிக் கதவை இழுத்து மூடியது. இரண்டாவது காரியம், மனைவியிடம் "உஷ்" என்றது.

"மேடம், அந்த இருமல் செம்ம நேச்சுரல்" என்றாள் ஸௌம்யா. "எனக்கே பயம் வந்துடுச்சு."

"ஜன்னலைத் தள்ற மாதிரி ஒரு ஆக்‌ஷன் கொடுத்தீங்க பாருங்க, எக்ஸலென்ட்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. "ஆனா ஒரு சின்ன விஷயம். அலாரம் அடிக்கலையே டெனிசன்? அது இல்லாம எப்படி?"

அலாரம் எப்படி அடிக்கும்? கேஸ் தரையில் படுத்துக்கிடந்தது, அலாரம் மேலே போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது.

"மறந்துட்டா சார்" என்றான் டெனிசன்.

"பரவாயில்லை, இன்னொரு டேக் எடுத்துடலாம். இந்தத் தடவை அடுப்பு எரிஞ்சிண்டு இருக்கற மாதிரி ஆரம்பிக்கலாமே? நெருப்பு தெரிஞ்சா வீடியோவுக்கு ஒரு இம்பாக்ட். மேடம், அதே இருமல் வேணும், குறைச்சுடாதீங்க. இது மட்டும் நல்லா வந்துதுன்னா திங்கட்கிழமையே எம்.டி.கிட்டே காட்டிடறேன் டெனிசன். உங்க விஷயமும் பேசிடறேன்."

உங்க விஷயம். டெனிசனின் காதில் அந்த இரண்டு வார்த்தை மட்டும் தேனாகப் பாய்ந்தது. சிலிண்டரைத்தான் மூடிவிட்டாளே, இனிமேல் கசியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கசிந்தது எங்கே போயிருக்கும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும். வாராவாரம் அவனே சொல்லிக் கொடுக்கிற பதில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் வரைந்த பாதங்களின் மேல், போக வழியில்லாமல் கேஸ் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. நெருப்பு வேண்டும் என்கிறார் ஸ்ரீகிருஷ்ணா. முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார். லீக் என்று சொல்ல வேண்டும். பென்னலூரிலேயே பாதுகாப்பான சமையலறையில் லீக்.

"ஒரே ஒரு தடவை, பெனி" என்றான் டெனிசன். கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டியிருந்த லைட்டரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

பெனிட்டா லைட்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கேஸினால் வந்த நீரோ வேறெதனால் வந்த நீரோ, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி லைட்டரை வாங்கினாள். அவன் உள்ளங்கையைப் பிரித்து, அதில் திரும்ப வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நீங்க போய் பத்த வைங்க" என்றாள்.

ஸ்ரீகிருஷ்ணா தொடையில் தட்டினார். "அட, எக்ஸலென்ட் ஐடியா!"

"ஆமா சார், ஆம்பளைங்களும் சமைக்கணும்னு ஒரு மெசேஜ் போகும்" என்றாள் ஸௌம்யா. "ஹெல்மெட் போட்டுக்கங்க டெனிசன் சார். சிரிச்ச முகமா உள்ள போங்க."

யாரோ ஹெல்மெட்டைத் தலையில் வைத்தார்கள். ஸௌம்யா போனை உயர்த்தினாள். டெனிசன் ஒரு கையில் லைட்டரோடும் இன்னொரு கை கண்ணாடிக் கதவின் பிடியிலுமாக நின்றான். சிரிக்க முயன்றான். கதவைத் திறக்கச் சொல்லி மூளை சொல்லியது, கை கேட்கவில்லை. உள்ளே போகச் சொல்லி மூளை சொல்லியது, கால் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூளையும் சொல்வதை நிறுத்திக்கொண்டது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, எல்பிஜி தண்ணீரைப் போல் தேங்கும், ஒரு பொறி போதும் என்று அவன் இத்தனை வருஷம் ஊராருக்குச் சொன்னதெல்லாம் இப்போதுதான் அவனுக்கே புரிந்தது.

"ஆக்‌ஷன்" என்றாள் ஸௌம்யா.

"உள்ள கேஸ் கீது சார்!" என்று அலறினான் டெனிசன். மேலதிகாரிகள் முன்னால் வெளிவராமல் பதுக்கி வைத்திருந்த பாஷையெல்லாம் வாயில் இருந்து கொட்டியது. "ட்ரில்லு இல்ல சார், நெஜமான கேஸு! வூடே எகிறிடும் சார்!"

அலறிய வேகத்தில், பயத்தில் புத்தி பேதலித்துப் போய், சமையலறை லைட்டை அணைக்கக் கூடத்துச் சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினான். பெனிட்டா அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"சுவிட்சைத் தொடாதீங்க. பொறி அதுலயும் வரும். வெளிய போங்க."

அதற்குள் ஸ்ரீகிருஷ்ணா தெருவுக்குப் போயிருந்தார். ஒன்றுகூடும் இடம் என்று டெனிசன் பலகை நட்டிருந்த மூலையைத் தாண்டி, கம்பெனி காரையும் தாண்டி, எதிர்வீட்டு ஞானம்மாவின் துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஸௌம்யா அவருக்கும் முன்னால் நின்றாள்.

"ஸௌம்யா, ரெக்கார்டிங்கை முதல்ல அழி" என்றார் அவர். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அங்கிருந்தே கத்தினார். "டெனிசன்! யாருக்கும் ஒண்ணும் ஆகலை இல்லையா? அப்போ இதை ரிப்போர்ட் பண்ணிடாதீங்க. பாதுகாப்பு வாரம் நடக்கறது. எனக்குத் தெரியாது, நான் வரவே இல்லை, சரியா?"

டெனிசன் வாசற்படியில் தலையாட்டினான். கம்பெனியில் யாருக்காவது விரல் நசுங்கியபோதெல்லாம் அவனும் இதையேதான் சொல்லியிருக்கிறான்.

பெனிட்டா யாருக்காகவும் நிற்கவில்லை. வீட்டின் வாசல்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்ணாடித் தள்ளுகதவையும் ஓசைப்படாமல் திறந்துவைத்துவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாக வீட்டைச் சுற்றி வந்தாள். காம்பவுண்டுச் சுவர் கட்டி மீந்த செங்கற்கள் அங்கே கிடந்தன. ஒன்றை எடுத்தாள். சமையலறை ஜன்னலுக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் தூக்கி வீசினாள். அந்த முதல் கல்லிலேயே கண்ணாடி உடைந்தது. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை இன்னொரு கல்லால் தட்டித் தள்ளினாள். சாலைப் பக்கம் இருந்து வந்த காற்று, லாரித் தூசோடு, தாராளமாக உள்ளே போனது. உள்ளே இருந்த நாற்றம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. எல்லாம் போய்ச் சேர நேரமாகும். அவள் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு மூச்சு இழுத்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

டெனிசன் மெதுவாகச் சந்துக்குள் வந்தான். உடைந்த ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. தெருவில் கம்பெனி கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. சேஃப்டி வேலையும் அந்தக் காரிலேயே ஏறிப் போய்விட்டது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன் பெனி" என்றான். "சொல்றதுக்குள்ள அவர் டேக்கு, டேக்குன்னு அவசரப்படுத்திட்டாரு. கடைசியில சொல்லிட்டேன் இல்ல? நீயே பார்த்த இல்ல?"

பெனிட்டா அவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. இருமி இருமித் தொண்டை கட்டியிருந்தது.

"பார்த்தேன்" என்றாள். "நான் உள்ள போறப்ப அது ட்ரில்லு. நீ உள்ள போறப்பதான் அது கேஸா?"